ஓர் இடதுகையும் இரண்டு புதுப் பந்தும்

ஜனவரி 9

பனைக்கு,

எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் இரண்டு முறை போன் செய்து பேசாமல் மூச்சு மட்டும் விட்டவன் நான்தான். நீயும் பதிலுக்கு மூச்சுதான் விட்டாய். ஐம்பது வயது ஆண்கள் இரண்டு பேர் நல்ல காசைக் கொடுத்து மூச்சு கேட்டுக்கொண்டிருந்தோம் என்று என் வீட்டுக்காரி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் மூச்சு கேட்காது.

விஷயம் இதுதான். நம் அச்சகக் கூடைப்பந்து அணிக்கு வருகிற ஏப்ரலில் ஐம்பது வயது. பழைய ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு நாள் போட்டி நடத்தப் போகிறோம். மூன்று அணிகள்: அச்சகம், மின்வாரியம், குடிநீர் வாரியம். ஆட்களைத் திரட்டும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். திரட்டிப் பார்த்ததில் எந்த அணியிலும் முழு ஆள் என்று யாரும் இல்லை, பாதி பாதியாகத்தான் இருக்கிறார்கள். ஒருவனுக்கு இடுப்பு, ஒருவனுக்குத் தோள், கொசுவுக்குக் கண் (அவனேதான், கம்போசிங் பிரிவில் இருந்தானே, சர்சர் என்று புகுந்து போவானே, இப்போது பந்து எது, நடுவர் தலை எது என்று பக்கத்தில் போய்ப் பார்த்துத்தான் சொல்கிறான்). எனக்கு வயிறு. முன்பு நான் ஓட, சட்டை பின்னால் வரும். இப்போது வயிறு முன்னால் போய்விடுகிறது, நான் பின்னால் போய்ச் சேர்கிறேன்.

இப்படிப்பட்ட நிலைமையில் என்னைப் போன்றவன் கை சும்மா இருக்குமா? கேன்டீனுக்குப் போனேன். ஜன்னலோரம் நம் மேஜை அப்படியே இருக்கிறது. ஒரு கால் குட்டை, அடியில் மடித்து வைத்த அட்டை. நீ நான்கு பிஸ்கட்டையும் ஒன்றாக டீயில் முக்கி, உடைந்து உள்ளே விழுந்ததைக் கரண்டியால் தேடுவாயே, அந்த இடம். பழைய பழக்கப்படி வீணான புரூஃப் தாளின் பின்பக்கத்தில் ஒரு பண்டமாற்று போட்டேன். மூன்று அணிப் பண்டமாற்று! எத்தனை வருஷம் ஆயிற்று! ஒருவனைக் கொடுத்து ஒருவனை வாங்குவது சந்தைக்காரன் வேலை. மூன்று அணியை வட்டமாகச் சுற்றவிட்டு, மூன்று பேரும் தனக்குத்தான் லாபம் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போக வைப்பதுதான் கலை என்று எத்தனை மதிய இடைவேளை பேசியிருப்போம்!

இதோ: அச்சகம் நம் இடதுகைக்காரனை மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. மின்வாரியம் தங்கள் ஆட்டக்காரன் தூணைக் குடிநீர் வாரியத்துக்குக் கொடுக்கிறது. குடிநீர் வாரியம் உன்னை எங்களுக்குக் கொடுக்கிறது. ஒரே ஒரு நாளைக்கு.

மே மாதம் எனக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், மாடி ஏறலாம், ஓடுவதை மட்டும் மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் இதுதான் கடைசி. கடைசி ஆட்டத்தில் பந்தைத் தலைக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அங்கே உன் கை இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. வேறொன்றுமில்லை.

வருவாயா?

புரூஃப்


ஜனவரி 20

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. அழைப்புக்கு நன்றி. மீட்டர் பிரிவில் ஏப்ரல் மாதம் கணக்கெடுப்பு நடப்பதால் என்னால் வர இயலாது. தங்கள் முழங்கால் நலமடைய வாழ்த்துகள்.

தாங்கள் அனுப்பியுள்ள பண்டமாற்று பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனாலும் அதில் உள்ள ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மின்வாரியத்தான் என்ன முட்டாளா? தூண் இன்றைக்கும் வளையத்துக்கு அடியில் போய் நின்றால் வாசலில் பீரோவை இறக்கி வைத்த மாதிரி. அவனை நகர்த்த நாலு பேர் வேண்டும். அவனைக் கொடுத்துவிட்டு, தோளுக்கு மேல் கை தூக்க முடியாத இடதுகைக்காரனை வாங்குவார்களா? போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். மணமக்கள் மேல் பூத் தூவுவதற்கே வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தங்கள் பண்டமாற்றுகளில் எப்போதும் உள்ள குறை இதுதான். ஒருவர் மேல் ஆசை வந்துவிட்டால் மற்றவர்களின் மதிப்பு தங்களுக்குக் கண்ணில் படாது.

இன்னொன்று. இது இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் போட்ட பண்டமாற்றின் தலைகீழ் வடிவம் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அப்போது நான் இங்கே, தூண் அங்கே, இடதுகை உங்களிடம். இப்போது எல்லாம் எதிர்த்திசையில். கடிகாரத்தைப் பின்னால் திருகினால் நேரம் திரும்பி வந்துவிடுமா?

இப்படிக்கு,
மீட்டர் ஆய்வாளர், குடிநீர் வாரியம்


ஜனவரி 27

டேய் பனை,

"ஐயா" என்று எழுதியிருக்கிறாய். "தாங்கள்" என்று வேறு. அதற்கு ரயிலேறி வந்து இரண்டு அறை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு முக்கால் பக்கம் கருத்துச் சொல்லியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு டீ சேர்த்துக் குடித்தேன். உள்ளே இன்னும் அதே ஆள்தான் இருக்கிறான்.

நீ சொன்ன ஓட்டை உண்மைதான். திருத்தியாயிற்று. இடதுகையோடு கொசுவையும் முதல் பாதிக்கு மட்டும் மின்வாரியத்துக்குத் தருகிறோம். இடைவேளையில் கொசு சட்டையை மாற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவான். கண் தெரியாததால் அவன் எந்தப் பக்கம் ஆடினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேலே ஐஸ் பெட்டி ஒன்று. மின்வாரியச் செயலாளர் ஐஸ் பெட்டி என்றதும் கண் கலங்கிவிட்டார். "சார், எங்க ஆளுங்களுக்கு இப்ப தேவையே அதுதான்"ன்னார். முடிந்தது. நீதான் பாக்கி.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். நீயே எடுத்துவிட்டாய்.

அந்தப் பண்டமாற்றுத் தாளை நான் நம் அச்சக அணிச் செயலாளரிடம் கொடுக்கவில்லை. இதை நேரில் சொல்ல வந்தபோது நீ அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தாய். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அது எப்போதும்போல விளையாட்டுக்குப் போட்டது. மெய்ப்புப் பார்க்கிறவன் புத்தி, விளையாட்டுக்குப் போட்டாலும் தருபவர், பெறுபவர், ஒப்பம் என்று கோடு கிழித்து அரசாணை மாதிரிதான் போடுவேன். போட்டு என் இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் அது செயலாளரின் கோப்புத் தட்டில் இருந்தது. அவர்தான் சுத்தமாக எழுதிய எதிலும் கையெழுத்துப் போடுகிறவராயிற்றே. மின்வாரியமும் குடிநீர் வாரியமும் ஒரே நாளில் சம்மதம் என்று தகவல் அனுப்பின. அவ்வளவு அழகான பண்டமாற்று அது, என் கெட்ட நேரம்! அந்தக் காலத்தில் ஆள் அணி மாறினால் வேலையும் சேர்ந்து மாறும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாராம், நீயும் "சரி" என்றாயாம். எட்டு மணி நேர ரயில் தூரத்துக்கு உன்னை நானே அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

யார் எடுத்து வைத்தார்கள் என்று இருபத்து நாலு வருஷமாக யோசிக்கிறேன். பெருக்குகிற அம்மாளைச் சந்தேகப்பட்டேன். அந்த அம்மாள் இறந்தே போய்விட்டார். கொசுவைச் சந்தேகப்பட்டு ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. இடதுகையே செய்திருப்பான் என்றுகூட நினைத்தேன். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

உன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது அதில் இருந்த இரண்டு அச்சுப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேனே, அதுவும் கோபத்தில் இல்லை. உறைக்குள் "வா" என்று ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன்.

வா.

புரூஃப்


பிப்ரவரி 11

டேய்,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளில் முள்ளைப் பார்த்துவிட்டு எண்ணை எழுத மறந்து நிற்கிறேன். ஒரு வீட்டம்மா, "என்ன சார், தண்ணி அவ்ளோ ஓடியிருக்கா?"ன்னு பயந்து கேட்டாங்க. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உன் இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் செயலாளர் தட்டில் வைத்தவன் நான்.

கொசுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். அந்தப் பெருக்குகிற அம்மாளிடம் கேட்க வழியில்லை.

அன்றைக்கு உன் மேஜையில் சிவப்பு மை தேடி இழுப்பறையைத் திறந்தேன். மேலேயே இருந்தது. நம் பண்டமாற்றுகளில் ஒரு சட்டம் உண்டே, ஞாபகம் இருக்கிறதா? யாரை வேண்டுமானாலும் விற்கலாம், நம் இருவரை மட்டும் தொடக்கூடாது. ஏழு வருஷம் அந்தச் சட்டத்தை மீறாமல் ஆடினோம். அந்தத் தாளில் என் பெயர் இருந்தது. தருபவர்: அச்சகம். தரப்படுபவர்: பனை. அதுகூடப் போகட்டும். பெறப்படுவது என்ற கட்டத்தைப் பார்த்தேன். "ஓர் இடதுகைக்காரர்." கீழே, "மற்றும் இரண்டு புதுப் பந்துகள்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இடதுகையோடு விட்டிருந்தால் அவனுக்குச் சமம் நான் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பந்து எதற்கு? என்னைக் கொடுத்தால் இடதுகை மட்டும் போதாது என்று நினைத்தாய், சரி, அப்போது பந்து போதும் என்று நினைத்தாயா? என் மதிப்புக்கும் அவன் மதிப்புக்கும் நடுவில் இருந்த இடத்தை இரண்டு பந்தால் அடைத்துவிட்டாயே! "இதுதான் விலைன்னா எடுத்துக்கோங்கடா"ன்னு நேரே போய்த் தட்டில் வைத்துவிட்டேன். செயலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது வீம்புக்கு "சரி" என்றேன். சாயங்காலத்துக்குள் நீ ஓடி வந்து "டேய், விளையாட்டுடா"ன்னு கத்துவாய், முதுகில் ரெண்டு போட்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். நீ அன்றைக்குப் பல் வலி என்று லீவு. மறுநாளும் லீவு. மூன்றாம் நாள் நான் ரயிலில் இருந்தேன்.

உன் கடிதங்களைப் பிரிக்கவில்லை. பிரித்தால் திரும்பி வந்துவிடுவேன் என்று பயம். இதை உன்னிடம் சொல்லாமல், நீதான் என்னை அனுப்பினாய் என்று நான் நம்புவதாகவே இருபத்து நாலு வருஷம் உன்னை நினைக்க விட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதிக் கேட்கிறேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உண்மையைச் சொல். உன் பண்டமாற்றுகள் எப்போதும் இரண்டு தாளில் இருக்கும். முதல் தாளில் ஒரு ஆளை அனுப்புவாய், இரண்டாம் தாளில் சுற்றி வளைத்து வேறு வழியாக அவனையே திரும்பக் கொண்டுவருவாய். அன்றைக்கு இழுப்பறையில் நான் பார்த்தது ஒரு தாள்தான். கீழே இன்னொன்று இருந்ததா? என் வீட்டுக்காரி இத்தனை வருஷமாக, "இருந்திருக்கும், நீங்க அவசரப்பட்டுட்டீங்க"ன்னு சொல்கிறாள்.

இருந்ததா?

பனை


மார்ச் 2

பனை,

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் உன்னைத் திட்டினேன். கொஞ்சநஞ்சம் இல்லை, உன் உயரத்துக்குத் திட்டினேன். அப்புறம் கொசு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன், "எதுக்கு?" என்றான். சொன்னேன். "ஓ, அந்த வருஷம் நீ என்கூட பேசலையா?" என்று கேட்டுவிட்டு எனக்கே காபி போட்டுக் கொடுத்தான். இப்படிப்பட்டவனோடு கோபித்துக்கொண்டு நான் வீணாக்கிய ஒரு வருஷத்தை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பாக்கி நாளெல்லாம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. பரணிலிருந்து பழுத்துப்போன புரூஃப் தாள் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதே மாதிரி கோடு கிழித்தேன். இரண்டாம் தாள் எழுதினேன். தருபவர் குடிநீர் வாரியம், பெறுபவர் அச்சகம், பெறப்படுபவர் பனை. எழுத்து புதுசாகத் தெரிகிறதே என்று வெயிலில் காயவைத்தேன். காபி தெளித்தேன். வீட்டுக்காரி மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். "என்ன இது?" என்றாள். சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "அவரு கேட்டது தாளா? உண்மையைத்தானே கேட்டாரு?" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இரண்டாம் தாள் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த இடதுகை ஆடுவதை இரண்டு மாதமாக வேடிக்கை பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்திருந்தேன். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் உன்னைச் சேர்க்காமல் வட்டம் முடியவில்லை. கடைசியில் சேர்த்தேன். முடிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. உன்னை நினைக்கவே இல்லை, வட்டத்தை நினைத்தேன். நம் சட்டத்தை மீறினேன் என்று தெரிந்துதான் இழுப்பறையில் வைத்தேன், வழக்கம்போல மேஜைமேல் பரப்பி உன்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. பந்து இரண்டும் கேட்டது ஏனென்றால் நம் பந்துகளுக்கு அம்மை போட்ட மாதிரி தோல் உரிந்திருந்தது. இதைவிட நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பதினாறு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். பெருமைக்கு இல்லை, வெட்கத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாதது. நீ போன பிறகு உன்னைத் திரும்பக் கேட்டுக் குடிநீர் வாரியத்துக்குப் பண்டமாற்று அனுப்பினேன். இந்த முறை விளையாட்டுக்கு இல்லை, செயலாளர் கையெழுத்தோடு, தபாலில். வாரத்துக்கு ஒன்று. மொத்தம் பதினேழு. முதலில் இடதுகைக்குப் பதில் உன்னைக் கேட்டேன். அப்புறம் இடதுகையோடு கொசு. அப்புறம் இடதுகை, கொசு, அடுத்த வருஷப் பந்துகள் எல்லாம். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்த ஒரே வரியில் பதில் வரும்: "பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை." பதினேழாவதில் கொடுப்பதற்கு வேறு யாரும் இல்லை. என் பெயரை எழுதினேன். "மெய்ப்புப் பார்ப்பவர், உயரம் சுமார், ஆட்டம் சுமார், உடன்வரச் சம்மதம்" என்று எழுதினேன். உன்னை இங்கே தரமாட்டார்கள் என்றால் என்னையாவது அங்கே எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அதற்கும் அதே ஒரு வரி. அதோடு விட்டுவிட்டேன். என்னைச் சும்மா கொடுத்தாலே வேண்டாம் என்கிறார்களே!

இவ்வளவுதான் உண்மை. இதைப் படித்த பிறகு நீ வராமல் இருந்தாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. மின்வாரியத்துக்கு ஐஸ் பெட்டி எப்படியும் கொடுத்துவிடுகிறேன்.

புரூஃப்


மார்ச் 10

டேய் புரூஃப்,

உன் கடிதத்தை அடுப்படியில் வைத்து வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இரண்டாம் தாள் இல்லை" என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். வலித்தது, மறைப்பானேன். ஆனால் காபி தெளித்த தாளை நீ அனுப்பியிருந்தால் நான் நம்பியிருப்பேன்டா. நம்பி, சந்தோஷப்பட்டு, என்றைக்காவது ஒரு நாள் கண்டுபிடித்திருப்பேன். அனுப்பாமல் விட்டதற்கு உன் மனைவிக்கு என் நன்றியைச் சொல்.

பிறகு தொடர்ந்து படித்தேன். "பதினேழு" என்றபோது கத்திச் சத்தம் நின்றுவிட்டது. "ஏற்பதற்கில்லை" என்றபோது அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் அப்போது எங்கள் விளையாட்டுப் பிரிவில் தட்டச்சர். தபாலைப் பிரிப்பது அவள், பதில் அடிப்பதும் அவள்.

"என்ன?" என்றேன்.

"முதல் நாலு லெட்டரை மேலதிகாரிதான் வேண்டாம்னாரு. அது நெஜம்"னாள்.

"மிச்சம் பதிமூணு?"

"அவர் மேஜைக்குப் போகலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். "ரெண்டாவது லெட்டர் வந்தப்பதான் உங்களைப் பார்க்கணும்னே மைதானத்துப் பக்கம் வந்தேன். போன வாரம் அனுப்பின ஆளை இந்த வாரம் திருப்பிக் கேக்கறாங்களே, அப்படி யாருதான் இந்த மனுஷன்னு. நீங்க தனியா ஒரு பெஞ்சில உட்கார்ந்து டீயில நாலு பிஸ்கட்டை ஒண்ணா முக்கிக்கிட்டிருந்தீங்க. அப்புறம் வாரா வாரம் அவர் ஒரு ஆளைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டாரு. நானும் வாரா வாரம் மைதானத்துக்கு வந்தேன். அஞ்சாவது வந்தப்ப, கொடுத்துட்டா என்ன பண்றதுன்னு ஆயிடுச்சு. நானே அடிச்சு அனுப்பிட்டேன்."

"பதினேழாவது?"

"அதைப் படிச்சுட்டு அழுதேன். இப்படி ஒரு சிநேகிதனை விட்டுட்டு இவர் ஏன் இங்க வந்தாருன்னு. மனசு கேக்கலை. ஆனாலும் அடிச்சேன்."

"இரண்டாம் தாள் இருந்திருக்கும்"னு இத்தனை வருஷம் அவள் ஏன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் பதினேழு தாளைப் பார்த்தவள். அதை என்னிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள்.

கோபம் வரவேண்டும் அல்லவா? நியாயமாக வரவேண்டும். நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நீ என்னைக் கொடுத்துவிட்டாய், நான் வீம்பில் வந்துவிட்டேன், இவள் திருப்பித் தரவில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு பண்டமாற்றை முடித்திருக்கிறோம். நீதான் சொல்வாயே, மூன்று பக்கமும் தனக்குத்தான் லாபம் என்று நினைக்க வேண்டும் என்று. நீ மட்டும்தான் இதில் ஏமாந்தவன். உனக்கு அந்த இடதுகை கிடைத்ததோடு சரி.

கணக்கெடுப்பு ஏப்ரலில் இல்லை, ஜூனில். அது பொய். ரயில் டிக்கெட் இரண்டு எடுத்தாயிற்று. அவளும் வருகிறாள், "உடன்வரச் சம்மதம்"னு எழுதின ஆளின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம். என் தோள் கொஞ்சம் கிறீச்சிடுகிறது, ஆனால் மேலே போகும். கண்ணை மூடிக்கொண்டு போடு.

ஜனவரியில் நீ அனுப்பிய பதினெட்டாவது பண்டமாற்றுக்கு அவளே உட்கார்ந்து பதில் எழுதினாள். தட்டச்சு எந்திரம் போன இடம் தெரியவில்லை என்பதால் கையெழுத்துதான். அதை அப்படியே இணைத்திருக்கிறேன்:

"பரிசீலிக்கப்பட்டது. ஒரு நாளுக்கு மட்டும் ஏற்கப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் மாலை ரயிலுக்குள் ஆளைப் பத்திரமாகத் திருப்பித் தரவும்."

பனை